சான்றிதழுக்காகவா, சரக்குக்காகவா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மன்றச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஏற்கெனவே இருபது கவிதை சேர்ந்துவிட்டதாம். அதில் பதினைந்து காதல் கவிதையாம். "கட்டுரை இருந்தாக் குடுப்பா, இல்லேன்னா ஆளை விடு" என்று சொல்லிவிட்டார். ஆகவே சில மாதங்களாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பிலிருந்துதான் இது ஆரம்பிக்கிறது. யாரும் சிரிக்க வேண்டாம்.

சட்டம் போட்டு ஒன்றைச் செய்யச் சொன்னால் பயந்துகொண்டு செய்கிறோம். செய்யாவிட்டால் அபராதம், வழக்கு, உரிமம் ரத்து. அது புரிகிறது. ஆனால் யாருமே கட்டாயப்படுத்தாமல், தானாக மனுப் போட்டு, கைப்பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளும் தரச்சான்றுத் திட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றின் விதிகளை ஒருவர் ஏன் கடைப்பிடிக்க வேண்டும்? உண்மையிலேயே கடைப்பிடிக்கிறார்களா, இல்லை கடைப்பிடித்தது போல எழுதி வைக்கிறார்களா? இதுதான் என் கேள்வி.

நம் ஊர்ப்பக்கம் எந்தத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தாலும் "ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்ற நிறுவனம்" என்று ஒரு போர்டாவது கண்ணில் படும். ஐ.எஸ்.ஓ. என்பது 1947-ல் தொடங்கிய சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு. தலைமையகம் ஜெனீவா. அவர்களுடைய 9000 வரிசைத் தரங்கள் முதலில் 1987-ல் வந்தன. பிறகு 1994, 2000, 2008, 2015 என்று பலமுறை திருத்தினார்கள். நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஐ.எஸ்.ஓ. யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. விதியை எழுதுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. தணிக்கை செய்து சான்று தருவது தனியார் சான்றளிப்பு நிறுவனங்கள். சான்று மூன்று வருஷத்துக்கு. நடுவில் வருஷா வருஷம் கண்காணிப்புத் தணிக்கை. அதற்கெல்லாம் கட்டணம் கட்டுவது யார்? தணிக்கை செய்யப்படும் கம்பெனியேதான்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

போன செமஸ்டர் விடுமுறையில் இரண்டு வாரம் ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனேன். பெயர் வேண்டாம். பதினைந்து பேர் வேலை செய்யும் இடம். பெரிய பம்ப் கம்பெனிக்கு ஜாப் ஒர்க்கில் ஷாஃப்ட் திருகிக் கொடுக்கிறார்கள். ஆபீஸ் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. பூ இரண்டுக்கும் போட்டிருந்தார்கள்.

நான் போன இரண்டாவது நாளே சூப்பர்வைசர் கூப்பிட்டார். "தம்பி, உன் கையெழுத்து நல்லா இருக்குதாமே?" எனக்கு ஒரே பெருமை. ஒரு ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்தார். ஷாஃப்ட் அளவு பார்த்துப் பதியும் ரிஜிஸ்டர். இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. வியாழக்கிழமை ஆடிட். டிராயிங்படி விட்டம் 25.00-க்கு மேல் போகக்கூடாது, 24.98-க்குக் கீழே போகக்கூடாது. "நடுவுல ஏதாவது போடு. எல்லாம் ஒரே நம்பராப் போட்ராத, சந்தேகம் வரும். ரெண்டு மூணு பேனா மாத்திக்க" என்றார். நாளுக்கு நான்கு வரி. இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ இருநூறு வரி. உட்கார்ந்து எழுதினேன். 24.99, 24.98, 24.99, 25.00. உண்மையைச் சொன்னால், கஷ்டமாகவே இல்லை. நமக்குத்தான் பழக்கம் ஆயிற்றே! ஹைட்ராலிக்ஸ் லேபில் ஆரிஃபிஸ் மீட்டருக்கு விடை 0.62 பக்கம் வரவேண்டும் என்று சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டு ரீடிங் எழுதாதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

அதே பட்டறையில் ஒரு டர்னர் அண்ணன் இருந்தார். முப்பது வருஷ அனுபவம். அவர் பத்துப் பீஸுக்கு ஒரு பீஸைக் கழற்றி, வேஸ்ட்டுத் துணியில் துடைத்து, மைக்ரோமீட்டரை வைத்துப் பார்ப்பார். டூல் தேய்ந்திருக்கும் என்று தோன்றினால் ஐந்துக்கு ஒன்று. பார்த்ததை லேத்தின் மூடிமேல் சாக்பீஸால் எழுதுவார். சாயங்காலம் துடைத்துவிடுவார். ஆக, அளந்தவர் எழுதவில்லை, எழுதிய நான் ஒரு பீஸைக்கூட அளக்கவில்லை.

வியாழக்கிழமை ஆடிட்டர் வந்தார். தங்கமான மனுஷர். ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, ரெக்கார்டு நீட்டாக இருக்கிறது என்று பாராட்டினார். ஒரு வெர்னியரில் கேலிபரேஷன் தேதி தாண்டியிருந்தது, அதை மட்டும் சின்னக் குறையாக எழுதினார். மதியம் சாப்பாடு. ஆடிட் முடிந்தது.

மறுநாள் டர்னர் அண்ணன் டீ குடிக்கும்போது கேட்டார்: "ஏந்தம்பி, அந்த நோட்டுல 'பார்த்தவர்'ங்கிற இடத்துல யாரு பேரு போட்ட?"

அவருடைய பெயரின் முதலெழுத்தைத்தான் போட்டிருந்தேன். சூப்பர்வைசர் அப்படித்தான் போடச் சொன்னார்.

"நான் பார்த்ததை எழுதியிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பனே. நாளைக்கு ஒரு ஷாஃப்ட் ஒடைஞ்சா யாரைக் கேப்பாங்க?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் டீ இறங்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பத்தாவது தாண்டியவன் நான். படித்த பிள்ளையின் கையெழுத்து என்றால் எங்கம்மாவுக்கு அது சத்தியம் மாதிரி. அந்தக் கையால் நான் செய்தது என்ன? நாணயமாக உழைக்கும் ஒருவரின் பெயரில் இருநூறு பொய்.

முதலாளி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரிடமும் கேட்டேன், ஏன் சார் இந்தச் சான்று வாங்கினீர்கள் என்று. பெரிய கம்பெனி, சான்று இருந்தால்தான் சப்ளையர் பட்டியலில் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டதாம். "விருப்பம்தான் தம்பி. வேணாம்னா ஆர்டரும் வேணாம்னு அர்த்தம்" என்றார். அளவு பார்ப்பதற்கென்று தனி ஆள் போட அவருக்கு வழியில்லை. பில் பணமே மாதக் கணக்கில் கழித்துத்தான் வருகிறது.

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. தானாக முன்வந்து சேர்வது என்கிறோமே, சேர்ந்தவர் யார்? முதலாளி. அதுவும் ஆர்டருக்காக. விதியைக் கடைப்பிடிக்க வேண்டியவர் யார்? லேத்தில் நிற்பவர். அவரை யாரும் கேட்கவே இல்லை. நடுவில் இருக்கும் சூப்பர்வைசருக்கு வியாழக்கிழமை கடந்துவிட்டால் போதும். ஒரே விதி மூன்று பேருக்கு மூன்று விதமாகத் தெரிகிறது. அதனால்தான் சரக்கு ஒரு பக்கமும் சான்று ஒரு பக்கமும் போகின்றன.

அப்படியானால் எல்லாமே பேப்பர்தானா என்றால், அதுவும் இல்லை. அதே பட்டறையில் ஒரு ஐ.எஸ்.ஓ. விதியை எல்லோரும் சுத்தமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அது டிராயிங் பற்றிய விதி. புது டிராயிங் வந்தால் பழையதில் "ரத்து" என்று சீல் குத்தி எடுத்துவிட வேண்டும். மெஷின் பக்கத்தில் ஒரு டிராயிங்தான் இருக்கலாம். இதற்கு ஆடிட்டர் வரவேண்டியதே இல்லை. பெருக்குகிற அக்காகூடப் பழைய டிராயிங் தரையில் கிடந்தால் எடுத்து ஆபீஸில் கொடுத்துவிடுகிறார். காரணம் கேட்டேன். சில வருஷத்துக்கு முன்னால் பழைய டிராயிங்கைப் பார்த்து ஒரு லாட் முழுவதும் தப்பாகத் திருகி, அத்தனையும் திரும்பி வந்ததாம். அந்த வாரம் எல்லோருக்கும் ஓவர்டைம் போச்சு. அதிலிருந்து யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. பட்ட இடத்தில் முளைத்த விதி நிற்கிறது. ஆடிட்டர் மட்டுமே படிப்பதற்காக எழுதும் விதி அந்த ரிஜிஸ்டரோடு சரி.

ஆடிட் என்ற வார்த்தை எனக்குப் புதிதல்ல. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எங்கம்மா செக்கிங் வேலை பார்க்கிறார். ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனால் 'பையர்', 'ஆடிட்', 'கம்ப்ளையன்ஸ்' எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆடிட் அன்றைக்கு முகக்கவசம் கொடுப்பார்கள், முதலுதவிப் பெட்டியைத் திறந்து வைப்பார்கள், கேட்டால் இன்ன பதில் சொல்லுங்கள் என்று மைக்கில் சொல்வார்கள். மறுநாள் பெட்டிக்குப் பூட்டு. சரி, நிஜமாக மாறியது ஒன்றும் இல்லையா என்று கேட்டேன்.

"அந்த அவசர வழிக் கதவு மாறிச்சு கண்ணு. முன்னெல்லாம் அதுமேல அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒருநாள் மத்தியானம் சொல்லாமக் கொள்ளாம பையர் ஆளு ஒருத்தரு வந்தாரு. அவரே பெட்டியை நகத்தி, கதவைத் தள்ளிப் பார்த்தாரு. அன்னைலிருந்து அங்க ஒரு பெட்டி வெக்கமாட்டாங்க. எப்ப வருவாரோன்னு பயம்."

சொல்லாமல் வந்தார், கையால் தள்ளிப் பார்த்தார். இந்த இரண்டையும் கவனியுங்கள்.

இதைக் கேட்ட பிறகுதான் கராச்சி விபத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தத் தொழிற்சாலை அதற்கு முந்தைய மாதம்தான் எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றைப் பெற்றிருந்தது. அதுவும் விருப்பப்பட்டுச் சேரும் திட்டம்தான். தீ வைக்கப்பட்டது என்று 2020-ல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீயை யார் வைத்திருந்தால் என்ன, வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன, ஜன்னல்களில் கம்பி இருந்தது. எங்கம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "சர்டிபிகேட் குடுத்தவங்க கதவைத் தள்ளிப் பார்க்கலையா?"

நல்லவர்கள் ஒன்றுகூடி விதி போட்டுக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அதற்கும் ஓர் அனுபவம் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகு உலகெங்கும் ரசாயனக் கம்பெனிகளின் பெயர் கெட்டது. இதையொட்டி அந்தத் துறையினரே 'ரெஸ்பான்சிபிள் கேர்' என்ற திட்டத்தைக் கனடாவில் 1985-லும் அமெரிக்காவில் 1988-லும் தொடங்கினார்கள். நாங்களே எங்களைத் திருத்திக்கொள்கிறோம் என்றார்கள். கிங், லெனாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கணக்குகளை எடுத்துப் பார்த்து 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திட்டத்தில் சேர்ந்த கம்பெனிகள், சேராத கம்பெனிகளைவிட மெதுவாகத்தான் முன்னேறியிருந்தன! வெளியாள் வந்து பார்ப்பதில்லை, விதியை மீறியவரைத் தள்ளி வைப்பதுமில்லை. எனவே பெயர் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல குடையாகிவிட்டது. பிற்பாடுதான் வெளியாள் தணிக்கையைச் சேர்த்தார்கள்.

வெளியாள் வந்தால் மட்டும் போதுமா? அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். குஜராத்தில் தொழிற்சாலைகளின் மாசு அளவைத் தனியார் ஆடிட்டர்கள் அளந்து அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். (இது கட்டாயத் தணிக்கை, விருப்பத் திட்டம் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான்.) ஆடிட்டரைப் பிடிப்பதும் பணம் கொடுப்பதும் தொழிற்சாலையே. 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான எஸ்தர் டஃப்ளோவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2009 முதல் இரண்டு வருஷம் அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். பழைய முறையில், அறிக்கைகளில் பெரும்பாலான அளவுகள் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குக் கொஞ்சமே கொஞ்சம் கீழே வந்து குவிந்திருந்தன. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னுடைய 24.99 மாதிரியே! பிறகு ஒரு பகுதித் தொழிற்சாலைகளுக்கு ஆடிட்டரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். சம்பளம் பொது நிதியிலிருந்து. சில அளவுகளை வேறொருவர் போய் மறுபடி அளந்தும் பார்த்தார். அறிக்கைகள் உண்மைக்குப் பக்கத்தில் வந்தன. அந்தத் தொழிற்சாலைகள் மாசையும் குறைத்தன. ஆடிட்டர்கள் எல்லாம் அதே ஊர்க்காரர்கள்தான். மாறியது பணம் வரும் வழி.

நம் நாட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையில் இதற்குக் கொஞ்சம் வழி செய்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் பார்ப்பதோடு நிற்காமல், கடையிலிருந்து சரக்கை எடுத்தும் பரிசோதிக்கிறார்கள். தேறாவிட்டால் முத்திரை போடுவதை நிறுத்தச் சொல்லலாம். ரிஜிஸ்டரில் எந்தப் பேனாவில் எழுதியிருந்தாலும் கடைச் சரக்கு பொய் சொல்லாது அல்லவா! அப்படியும் எல்லாவற்றையும் விருப்பத்துக்கு விட்டுவிட முடிவதில்லை. தங்க ஹால்மார்க்கைப் பாருங்கள். 2000-ல் விருப்பத் திட்டமாக ஆரம்பித்து, 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்க வேண்டி வந்தது. நல்ல நகைக்கடை தானாகச் சேரும். சேராத கடையில்தான் ஏழை ஏமாறுவான்.

என் அபிப்பிராயம் இதுதான். தானாகச் சேர்ந்த திட்டத்தின் விதியை மனிதன் இரண்டு சமயத்தில் கடைப்பிடிக்கிறான். ஒன்று, அந்த விதி தன் வேலையில் தனக்கே உதவுவதைக் கண்ணால் கண்டபோது. மற்றொன்று, யாரோ சொல்லாமல் வந்து, ஏட்டை விட்டுவிட்டுச் சரக்கைக் கையில் எடுப்பார் என்று தெரிந்தபோது. சட்டம் போட்ட சான்றிதழும், வாசல் போர்டும், தரக் கொள்கையைப் படித்து உறுதிமொழி எடுப்பதும் இந்த இரண்டின் இடத்தை நிரப்பாது. (நம் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தபோது நாம் எத்தனை ஃபைல் சுமந்தோம் என்பதை இங்கே எழுதினால் மலர்க்குழு ஆலோசகர் வெட்டிவிடுவார். விட்டுவிடுகிறேன்.)

பயிற்சியின் இரண்டாவது வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். டர்னர் அண்ணன் ஏன் ரிஜிஸ்டரில் எழுதுவதில்லை? ரிஜிஸ்டர் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. முழுக்க இங்கிலீஷ். இவர் கையெல்லாம் ஆயில். ஐ.எஸ்.ஓ. 9001 இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்றோ, தடிமனான நோட்டில்தான் எழுத வேண்டும் என்றோ எங்கும் சொல்லவில்லை. சொல்லப்போனால் 2015 திருத்தத்தில் தரக் கையேடு என்ற தனிப் புத்தகமே கட்டாயமில்லை என்று எடுத்துவிட்டார்கள். எனவே ஒரு கெட்டி அட்டையில் தேதி, நேரம், அளவு, கையெழுத்து என்று தமிழில் நாலு கட்டம் போட்டு, ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டி லேத் பக்கத்தில் தொங்கவிட்டேன். அவர் சிரித்தார். "வாத்தியாராட்டம் பண்ற" என்றார். ஆனால் எழுதினார்.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். நான் போட்ட அட்டை தீர்ந்துவிட்டது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வரியில் 25.02 என்று இருந்தது. சுற்றிலும் ஒரு வட்டம், பக்கத்தில் "மறுபடி ஓட்டியது". என்னுடைய இருநூறு வரியில் அப்படி ஒன்றுகூடக் கிடையாது. சூப்பர்வைசர் ஆடிட்டுக்கு அந்தக் காலண்டர் தாளைக் காட்டுவாரா, இல்லை மறுபடியும் யாராவது ஒரு பயிற்சி மாணவனைப் பிடிப்பாரா, தெரியவில்லை. அந்த மாணவன் நம் கல்லூரிப் பையனாகக்கூட இருக்கலாம்.

எனவே மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்முடைய பயிற்சிச் சான்றிதழ் என்ன லட்சணம் என்று நமக்குத் தெரியும். மாமா பட்டறையில் சீல் வாங்கிக்கொண்டு ஒருநாள்கூடப் போகாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். என்னுடைய சான்றிதழில் "ஆர்வமுடன் கற்றுக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் நான் முதலில் கற்றது என்னவென்று மேலே சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு முதல் சான்றிதழோடு, தினம் அரைப்பக்கம் மாணவனே எழுதும் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். இன்று எதை அளந்தேன், எந்த அளவு தப்பாக வந்தது, யாரிடம் கேட்டேன் என்று தமிழிலேயே எழுதலாம். வைவாவில் அதிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் போதும், போனவன் யார், போகாதவன் யார் என்று தெரிந்துவிடும். பயிற்சி நடக்கும்போது விரிவுரையாளர் ஒருவர் சொல்லாமல் ஒருநாள் வந்து பார்த்தால் இன்னும் நல்லது.

குறிப்பேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றை வரைந்து மன்ற அறையில், கேரம் போர்டுக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். பென்சிலும் கட்டியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் அதிலேயே எழுதுங்கள். பென்சிலை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவேண்டாம்.